அம்மா முலுக்கியா சமைத்த நாள்

ஒரு பொட்டலம் காய்ந்த கீரை. கண்ணாடித் தாளில் சுற்றி, மேலே அரபு எழுத்து ஒட்டியிருக்கும். கெய்ரோவிலிருந்து வந்த அம்மாவின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே இருந்தது அது. நேற்று அது நினைவுக்கு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதுளையில், வெளிநாடு போகிறவர்களுக்குச் சீட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறேன். எகிப்துக்குப் போகிற பயணிகள் அங்கே என்னென்ன சாப்பிட வேண்டும் என்று ஆபீசில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். "உங்கம்மா அங்க இருந்தவங்கதானே, உங்களுக்கென்ன கஷ்டம்?" என்றார் மேலாளர். கஷ்டமாம்! கோஷரி எழுதினேன்: சோறு, பருப்பு, மக்ரோனி, கடலை எல்லாம் ஒரே தட்டில், மேலே வினாகிரி விட்ட தக்காளிக் குழம்பும் முறுகப் பொரித்த வெங்காயமும். தாமியா எழுதினேன்: நம் கடலை வடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, உள்ளே பச்சைப்பசேலென்று இருக்கும். அடுத்து அந்தக் காய்ந்த கீரையின் பெயர்: முலுக்கியா என்று அடித்ததும் எழுந்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன், ஜன்னலுக்குப் போனேன், வந்து உட்கார்ந்தேன், திரும்பவும் எழுந்தேன்.

எனக்கு இரண்டு வயதிருக்கும்போது அப்பா எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா என்னை லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, கெய்ரோவில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். ஏழு வருஷம் கழித்து அவள் வந்தபோது, நான் பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்தவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு பிள்ளை எந்த அடுப்பில் சாப்பிடுகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைதான். அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் அம்மா தனியாக அடுப்பு மூட்டினாள். நான் பெரியம்மாவின் ரொட்டியையும் சம்பலையும் விட்டு நகரவில்லை. "என் புள்ள எங்கிட்ட ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்க்கா" என்று அவள் பெரியம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. விழுந்தால் என்ன? நான் அசையவில்லை.

அம்மா கோஷரி செய்து வைத்தாள். "நேத்து மிஞ்சுனதையெல்லாம் கலந்து வச்சிருக்காங்க" என்று லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தேன். "அந்த வீட்டுப் புள்ளைகளுக்கு இதுன்னா உசுரும்மா" என்று கெஞ்சினாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று தெரியும். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது தெரியாது. அநியாயமாக இல்லையா? இன்றைக்கும் அந்தக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூட லீவில் ஒரு நாள், அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கோழிச்சாற்றில் கீரையைக் கொதிக்கவிட்டாள். நான் வாசலில் கல் விளையாடிக்கொண்டிருந்தேன். உள்ளே பூண்டும் மல்லியும் நெய்யில் பொரியும் வாசம். திடீரென்று "ஹ்ஹா!" என்று உயிரே போவதுபோல ஒரு மூச்சு. கற்களைப் போட்டுவிட்டு "அம்மா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன். காய்ச்சலால் மலைக்கு வேலைக்குப் போகாமல் படுத்திருந்த பக்கத்துக் காம்பரா அத்தை, "முனி அடிச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு திருநீற்றோடு வந்து அம்மாவின் நெற்றி, கன்னம் எல்லாம் பூசிவிட்டாள். அம்மா கரண்டியோடு நின்று சிரித்தாள். தாளிப்பை முலுக்கியாவில் கொட்டும்போது சமைக்கிறவள் அப்படி மூச்சை இழுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ருசி சேராதாம். அந்த ஊர் வழக்கம்.

அத்தை திட்டிக்கொண்டே போனாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "என்னையவா கூப்பிட்ட?" என்றாள். எனக்கு வெட்கமும் வீம்பும் ஒன்றாக வந்தன. "இல்ல. அம்மாவைக் கூப்பிட்டேன்" என்று பெரியம்மா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் தட்டில் சோறு போட்டு முலுக்கியாவை ஊற்றி வைத்தாள். நான் தொடவில்லை. அவளோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. அம்மா என்று கூப்பிட அதற்கும் மேலே ஆனது.

நேற்று வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். பசறையில் பத்து நிமிஷம் நிறுத்தியதற்கே டிரைவரோடு சண்டைக்குப் போனேன். அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "முலுக்கியா ஆக்குன அன்னைக்கு உங்களைத்தான் கூப்பிட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. உங்க பெரியம்மா அந்நேரம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டுல்ல இருந்தா."