யார் கையால்

ஜெயமேரியின் முகத்தைத் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர் கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மாதா கோயில் திருவிழா, காணாமல் போன பசுமாடு, எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான் ஆட்டோவில் கட்டிய குழாயில் வீதி வீதியாகப் போகும். ஆண்டனிராஜின் ரெக்கார்டிங் கடையில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்த தாளை ஒரு தரம் கண்ணால் ஓட்டிவிட்டு வாசித்தாளென்றால், வாசிக்கிற மாதிரியே இருக்காது. சொந்தக்காரி வந்து வாசலில் நின்று சொல்கிற மாதிரி இருக்கும்.

தொண்ணூற்றாறில் போலியோ சொட்டு மருந்துக்கு அவள்தான் பேசினாள். "தாய்மார்களே, மறக்காம தூக்கிட்டு வாங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டு, அதுவரை ஊசி மருந்து என்றாலே ஓடி ஒளிந்த பெண்கள்கூடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதிலிருந்து அவளுக்கு 'சொட்டு மருந்தம்மா' என்றே பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்காதா பின்னே?

பேகம்பூர் போகிற ரோட்டில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில் குடியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் நான்சியை அகரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் காதர் பீவி. விடிவதற்கு முன்னால் எழுந்து இடியாப்பம் பிழிந்து, கூடையில் அடுக்கி, தேங்காய்ப்பால் தூக்கோடு தெருத்தெருவாகப் போய் விற்கிறவள். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம். நான்சி பிறந்தபோது ஜெயமேரிக்கு மருந்துக்குழம்பு வைத்துக் கொடுத்தவளே பீவிதான். இந்த வீட்டுத் தூக்கு அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுத் தூக்கு இங்கே வரும். வெறும் தூக்காகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இருவருக்குமே இல்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

கோவையில் குண்டு வெடித்த வருஷம் அது. ஊரில் எவரைப் பார்த்தாலும் எவருக்கும் ஒரு மாதிரி இருந்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ நலச்சங்கம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். "சொட்டு மருந்துக்குப் பேசுனாங்கள்ல, அந்தம்மா குரல்தான் வேணும்" என்று ஒரே பிடியாக நின்றார்கள். தாளில் இப்படி எழுதியிருந்தது:

"தாய்மார்களே! வீடு வீடாக வந்து விற்கப்படும் சில பண்டங்களில், கர்ப்பப்பையைக் கெடுக்கும் மருந்து கலக்கப்படுவதாகத் தகவல்கள் வந்துள்ளன. யார் கையால் வாங்குகிறோம் என்று யோசித்து வாங்குங்கள்."

எந்தச் சாதி, எந்த மதம், எந்தத் தெரு, ஒன்றும் இல்லை. சுகாதார விஷயம் போல என்றுதான் ஜெயமேரி நினைத்தாள். "அந்த 'யார் கையால்'ங்கிற எடத்துல செத்த நிறுத்தி வாசிங்கம்மா" என்றான் வந்தவர்களில் ஒருவன். அவளும் நிறுத்தி வாசித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி நிறுத்த அவளால்தான் முடியும். கேட்கிறவனுக்கு அந்த இடைவெளியில் தானாகவே ஒரு முகம் வந்து நிற்கும்.

வந்து நின்றது. வெள்ளிக்கிழமை ஆட்டோ கிளம்பியது. சனிக்கிழமை டீக்கடைக்காரர் பீவியிடம், "நாளையிலருந்து வேணாம்க்கா, ஆளுக ஒரு மாதிரி பேசுறாங்க" என்றார். குழாயடியில் பெண்கள் குசுகுசுத்தார்கள். ஜெயமேரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சேச்சே! பீவிக்காவப் போயி அப்படிச் சொல்வாங்களா? அது வேற யாரோ" என்றாள். "நீங்கதானக்கா மைக்குல சொன்னீங்க?" என்றாள் ஒருத்தி. ஜெயமேரி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான்சி வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் வீட்டில் ஜாடைப் பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று வந்ததும் வராததுமாக அழுதாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது பீவி இடியாப்பத் தூக்கோடு வந்தாள்.

"நான்சி வந்துருக்காளாமே? அவளுக்குப் பிடிக்கும்னு ஏலக்கா போட்டுப் பால் எடுத்துருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள குடு மேரி."

தூக்கை வாங்கிக்கொண்டு ஜெயமேரி அடுப்படியில் நின்றாள். அந்தத் தாளில் இருந்தது பொய் என்று அவளுக்குத் தெரியும். பீவியின் கையைத் தெரியும். அந்தக் கை பிழிந்ததை இருபது வருஷமாகத் தின்று வளர்ந்த வயிறுதான் நான்சியின் வயிறு. எல்லாம் தெரியும். ஆனாலும், பாழாய்ப்போன மனசு, 'ஒருவேளை...' என்றது. காதுக்குள் அவளுடைய குரலே அவளுக்குக் கேட்டது: யார் கையால். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் கொல்லைப்பக்கம் போய், இடியாப்பத்தையும் பாலையும் ஆறு வீட்டுக்கும் பொதுவான சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாள். சாயங்காலம் தூக்கைக் கழுவித் துடைத்து, சீனி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நான்சி சாப்டாளா?"

"நல்லா சாப்டாக்கா. இன்னும் இருக்கான்னு கேட்டா."

பீவி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று தூக்கை வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததை என்னத்தைச் சொல்ல! 'மருந்து இடியாப்பம்' என்று ஒரு பேர் எங்கிருந்தோ முளைத்தது. பள்ளிக்கூடம் போகிற சிறுமிகள்கூடப் பீவியைப் பார்த்ததும் அதைச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். காலையில் கொண்டுபோன கூடை மத்தியானம் அப்படியே திரும்பியது. மாட்டுக்குப் போடக் கொடுத்தால் மாட்டுக்காரர்கூட வேண்டாம் என்றார்.

ஜெயமேரியால் தாங்க முடியவில்லை. ஆண்டனிராஜிடம் போய், "அது பொய்யின்னு நானே பேசுறேன். போட்டு விடு தம்பி" என்று கெஞ்சினாள். "விடுங்கக்கா, கிளறக் கிளறத்தான் நாறும்" என்றான் அவன். அவள் கேட்கவில்லை. தானே ஒரு ஆட்டோவைப் பிடித்து, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து பேகம்பூர் வரை பேசிக்கொண்டே போனாள். "நான் வாசிச்சது பொய். காதர் பீவி அக்கா கையில் எந்தக் குத்தமும் இல்ல. அவங்க குடுத்தத நாங்க இருபது வருஷமா சாப்புடுறோம்." தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பாவம் சொட்டு மருந்தம்மா, மிரட்டிப் பேச வச்சிருக்காங்க" என்றது. அதுவரை பீவியின் பேரைக் கேள்விப்படாத தெருக்களுக்கும் அன்றைக்குப் பேர் போய்ச் சேர்ந்தது. பொய்யை நம்பின அதே காதால், உண்மையை மட்டும் ஊர் எப்படி இவ்வளவு சந்தேகமாகக் கேட்கிறதோ!

அந்த மாதக் கடைசியில் பீவி வீட்டைக் காலி செய்துகொண்டு, மகள் ஷாஹினா இருந்த நிலக்கோட்டைக்குக் கிளம்பினாள். ஜெயமேரி வாசலில் அழுதபடி நின்றாள். "வாரேன் மேரி" என்று பீவி வண்டியில் ஏறிக்கொண்டாள். ஜெயமேரி அதற்கப்புறம் மைக்கைத் தொடவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாலும் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேசட்டைச் சொல்லி அழுதாள். சாக்கடையைச் சொல்லவில்லை.

ஏழு வருஷம் ஆனது. நான்சிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள், இதற்குமேல் முடியாது என்று ஜெயமேரி நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். பூ மார்க்கெட்டுக்கு வெளியே, சாக்கை விரித்து உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள் பீவி. ஆள் பாதியாகியிருந்தாள்.

"ஏ மேரி! வா, உக்காரு. நான்சிக்குப் புள்ளைக எத்தன?"

"ரெண்டுக்கா." ஜெயமேரி சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என்னைய மன்னிச்சிடுக்கா. தெரியாம வாசிச்சிட்டேன். எவனோ எழுதிக் குடுத்தான்..."

பீவியின் கை நிற்காமல் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

"அதுக்கு உன்மேல எனக்குக் கோவமே இல்ல மேரி. எழுதிக் குடுத்தாங்க, வாசிச்ச. அப்புறம் வெயில்ல கத்திக்கிட்டும் போன. கேட்டேன்." நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான்சி வந்த அன்னைக்குச் சாக்கடை அடைச்சிருக்குன்னு கொல்லைப்பக்கம் போனேன். வெள்ளவெளேர்னு கெடந்துச்சு. காக்கா கொத்திக்கிட்டிருந்துச்சு. அத யாரு மேரி எழுதிக் குடுத்தா?"

ஜெயமேரி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, சந்தைச் சனம் பார்க்கப் பார்க்க அழுதாள்.

பீவி அவள் அழுது முடிக்கும்வரை பூவைக் கட்டினாள். பிறகு கட்டி முடித்த சரத்தை வாழை இலையில் சுற்றி அவள் மடியில் வைத்தாள்.

"நான்சிக்குக் குடு. பயப்படாமக் குடு. இது திங்கிறதில்ல, தலையில வைக்கிறதுதான்."