ஐம்பத்தொரு தாம்பாளமும் ஒரு டிவிடியும்

"இது என்ன தாயி, பலாப்பழமா, பச்சைச் சாக்கா?"

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறித் திருப்பரங்குன்றம் வந்திருந்த விருமாண்டி, ஸ்டூடியோ டிவியின் மேல் விரலை வைத்துக் கேட்டார். விரலுக்குக் கீழே பச்சைச் சதுரங்கள் நாலைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"தங்கச்சி மக கல்யாணம். தாய்மாமன் சீரு. ஐம்பத்தொரு தாம்பாளம் எடுத்துக்கிட்டு உறுமி அடிச்சு வாரேன். இந்தப் படத்தப் பாத்துட்டு ஊருல, மாமன் வெறுந் தாம்பாளத்துல துணியப் போத்திக் கொண்டாந்துட்டாருங்கிறானுக. நான் எங்கன போயி முகத்த வைக்க?"

கூட வந்திருந்தவர் பெண்ணின் அப்பா கருத்தக்கண்ணன். மச்சினன் பேசும்போது பேசாமல் இருப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"உங்க பிளேயர்ல தூசி ஏறியிருக்கும்ணே" என்றார் ஸ்டூடியோக்காரர் அழகுபாண்டி.

"தூசி இல்ல." கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாந்தான் அப்படிப் போட்டேன்."

சொன்னவள் ஹம்சவேணி. ஆனையூரிலிருந்து தினமும் வருகிறவள். ஆறு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைகளை விரித்து நெசவில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தாள். ஐந்தரை மீட்டரில் ஒரு இழை விட்டிருந்தாலும் அவள் கை அங்கே நின்றுவிடும். சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து இங்கே வந்து இரண்டு வருஷம். கல்யாண வீடியோக்களை டிவிடியாக மாற்றுவது அவள் பொறுப்பு. 2006இல் ஊரெல்லாம் கேசட்டை ஓரங்கட்டிவிட்டு டிவிடி கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த டிஸ்க்கைப் போட்டபோதே சதுரங்கள் அவள் கண்ணில் பட்டன. பட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு ஒரே டிஸ்க் என்பது ஸ்டூடியோவின் வழக்கம். இது காசு விஷயம் இல்லை. கல்யாணத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் சகுனம் சரியில்லை என்று வாங்குகிறவர்கள் தொடவே மாட்டார்கள். அதனால் இரண்டு மணி நேரமோ நாலு மணி நேரமோ, எல்லாம் ஒன்றுக்குள்தான் போகும். டிஸ்க்கில் இருக்கிற இடமோ அளவானது. ஒரு மணி நேரப் படம் அதில் காலை நீட்டி உட்காரும். நாலு மணி நேரத்தை அடைத்தால் முகூர்த்த நாள் பஸ் மாதிரி ஒற்றைக் காலில் நிற்கும். அதிலும் ஐயர் மந்திரம் சொல்லும் இடம் தப்பித்துவிடும்; அங்கே அசைவது அவர் உதடு மட்டும். சீர் வரும்போது ஆள், துணி, பூ, கேமரா எல்லாம் அசையும். அத்தனை அசைவுக்கும் இடம் பற்றாமல் படம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும்.

"அதுக்கென்ன, இதே டிஸ்க்க உள்ள போட்டுக் கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிக் குடுத்துருவோம்" என்றார் அழகுபாண்டி.

"ஒடஞ்சதப் பளிச்சுனு ஆக்குனா ஒடஞ்சதுதாண்ணே பளிச்சுனு தெரியும். மூலப் படம் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கு. இன்னைக்கு அழிக்கணும்னு சொன்னீங்க, நான் அழிக்கல. அதுலருந்து புதுசாப் போடணும். ரெண்டு டிஸ்க்கா."

கருத்தக்கண்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ரெண்டா? எம் மக வாழப் போயி மாசம் ஒண்ணுகூட ஆகலம்மா. கல்யாணத்தப் பிரிக்கச் சொல்றியா?"

ஹம்சவேணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். காது மடல் சுட்டது.

"கல்யாணத்த யாரு பிரிக்கச் சொன்னா? பொண்ணு அழைப்புலருந்து தாலி கட்டி, மேடையில கடைசி ஆளு போட்டோவுக்கு நிக்கிற வரைக்கும் ஒரே டிஸ்க்குதான். தாய்மாமன் சீரு மட்டும் தனி டிஸ்க்கு. சீருங்கிறது அவுக வீட்டுலருந்து பொறப்பட்டு வந்ததுதான? அவுக பேரு போட்டே குடுப்போம்."

விருமாண்டியின் மீசை மெல்ல மேலேறியது. "எம் பேரு போட்டா?"

"ஆமாண்ணே."

"மாப்ள, இந்தப் பிள்ள சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு."

அவர்கள் போன பிறகு அழகுபாண்டி சொன்னார்: "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, டிவிடி வேலைய டவுன்ல குடுத்துருவேன் வேணி. நீ ஆல்பம் ஒட்டிக்கிட்டு இரு."

வியாழக்கிழமை முழுக்க அந்தக் கம்ப்யூட்டரை அவள் யாரையும் தொட விடவில்லை. ஒரே ஓட்டத்தில் மாற்றினால் சீக்கிரம் முடியும். எப்போதும் அப்படித்தான் நடக்கும். அவள் இரண்டு ஓட்டம் வைத்தாள். முதல் ஓட்டத்தில் கம்ப்யூட்டர் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் அங்கே இடத்தை வாரி வழங்கி, சும்மா நிற்கிற இடத்தில் கையைச் சுருக்கும். டிவி ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒரு கோடு விட்டு ஒரு கோடாக வரையும். எந்தப் பாதி முந்தி என்பதில் கேமராவும் டிஸ்க்கும் ஒத்துப்போகாவிட்டால் நடக்கிறவர்கள் குளிரில் நடுங்குவது போல் நடுங்குவார்கள். அந்த வரிசையை இரண்டு தடவை சரிபார்த்தாள். டிஸ்க்கில் எழுதும் வேகத்தையும் குறைத்து வைத்தாள்.

"மாட்டு வண்டியிலயே வந்துரலாம் போல" என்றார் அழகுபாண்டி.

"மாட்டு வண்டியில பானை ஒடையாதுண்ணே."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அழகுபாண்டியும் அவளுமாக இரண்டு டிஸ்க்கையும் கொண்டுபோனார்கள். கருத்தக்கண்ணன் வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண டிஸ்க்கை யாரும் கேட்கவில்லை. "விருமாண்டி சீர்" என்று எழுதியதுதான் முதலில் உள்ளே போனது.

உறுமி முழங்கியது. தாம்பாளங்கள் தெருமுனையில் திரும்பின. கேமரா சட்டென்று இடப்பக்கம் சுழலும் இடம் அதுதான். முன்பு எல்லாம் உடைந்து விழுந்த இடம். ஹம்சவேணி புடவை முந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படம் சுழன்றது. சுழன்று நின்றது. பலாப்பழத்தின் முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வெற்றிலையின் நரம்பு தெரிந்தது. மாம்பழக் கலர் பட்டில் ஜரிகைக் கரை ஒரு கோடாக, அறுபடாமல் ஓடியது.

ஒரு பெரியவர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று.

விருமாண்டியின் தங்கை முத்துத்தாய் திடீரென்று எழுந்து டிவியை நெருங்கினாள். "அண்ணே! சேலையில வெலைச் சீட்டு தொங்குதுல்ல! கிழிக்காமயா கொண்டாந்த?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. அழகுபாண்டியின் முகம் வெளுத்தது. இதற்கும் பழி தங்கள் மேல் வருமோ என்று வாசலைப் பார்த்தார்.

விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "தெரியட்டும்னுதான வச்சேன். போன தடவ அம்புட்டும் மறைஞ்சுபோச்சு. தாயி, அந்த எடத்த இன்னொருக்கா போடு."

அவள் ரிமோட்டை வாங்கினாள். பின்னால் ஓட்டி, நிறுத்தினாள். எண்கள்கூட வாசிக்க முடிந்தது. எல்லோரும் விலையைப் பார்த்தார்கள். அவள் சீட்டின் ஓரத்தைப் பார்த்தாள். வெள்ளைக் காகிதம், மஞ்சள் பட்டு. நடுவில் ஒரு பிசிறு இல்லை.

"இத யாரு போட்டது?" என்று பின்னாலிருந்து யாரோ அழகுபாண்டியைக் கேட்டார்கள். "ஆவணியில எங்க வீட்டுலயும் கல்யாணம் இருக்கு."

"இவுகதான்" என்றார் அழகுபாண்டி. "எத்தன டிஸ்க்கு ஆகும்னு இவுககிட்டயே கேட்டுக்கங்க."

அவர் அவளை ‘இவுக’ என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஹம்சவேணி திரும்பிப் பார்க்காமல், கேட்டவரிடம் கேட்டாள்:

"உங்க வீட்டுல மாமன் எத்தன பேரு?"