ஜெனி ஏறியதும் வரும் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் அந்தப் பழைய மாயாஜாலப் படம் போட்டார்கள். பெயர் வேண்டாம்... சொன்னால் உங்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவீர்கள். எனக்கும் உயிரான படம்தான். படத்தில் வரும் அட்டைக் கோட்டையைவிட எங்கள் செஞ்சிக் கோட்டை பெரிது என்று சின்ன வயதில் பெருமை பேசியிருக்கிறேன்!

கதை தெரியாதவர்களுக்கு: சாமியார் ஒருவர் ராஜகுமாரனுக்கு மாய மை கொடுப்பார். நெற்றியில் பூசினால் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். பூசிக்கொண்டு நேராக எங்கே போவான்? ராஜகுமாரியின் அறைக்கு! 'நீ பார்க்காவிட்டாலும் நான் உன்னோடுதான் இருக்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு பாட்டு. அவள் பயந்துபோய்த் திரையை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். தியேட்டரே விசில் அடிக்கும்.

நான் சோபாவில் சாய்ந்து கூடவே பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் அக்கா மகள் ஜெனி. தளவானூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து செஞ்சிக்கு வந்து, ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவள்.

"இன்னா சின்னம்மா சிரிக்கிற? அவ ரூம்ல அவளுக்குத் தெரியாம ஒருத்தன் நிக்கிறான்."

"படம்டி அது!"

"பாட்ட நிறுத்து சின்னம்மா... ப்ளீஸ்."

திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

பிறகுதான் சொன்னாள். சாயங்காலம் அவள் பஸ்ஸில் ஏறியதும் இந்தப் பாட்டைப் போடுகிறார்களாம். அவள் இறங்கியதும் நின்றுவிடுகிறதாம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மறுநாள் ஏறினால், அதே பாட்டு ரெண்டு தடவை!

"யாருடி அதப் போடச் சொல்றது?"

"தெரிஞ்சா இவ்ளோ பயமே இல்லையே. எந்தப் பக்கம் திரும்பி உக்கார்றதுன்னே தெரியல."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா, வேலைய உட்டுட்டு ஊட்ல கெடன்னு சொல்லும்."

அவள் சொன்னது சரி. என் அக்கா அதைத்தான் சொல்வாள். பயமுறுத்துகிறவன் பஸ்ஸில் போவான், பயந்தவள் வீட்டில் இருக்க வேண்டும்... எந்த ஊர் நியாயம் இது?

திங்கட்கிழமை சாயங்காலம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்கள் உங்களுக்குத் தெரியும்தானே? தினசரி வருகிறவர்கள் சொன்னால் அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுவார்கள். அதற்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களும் உண்டு. நான் முதலில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். ஜெனி தனியாக வந்தாள். படியில் கால் வைத்தாள்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

நேற்றுவரை என் உயிர்ப் பாட்டு, சொல்லப்போனால்! ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். போன் பார்க்கிறவனா? ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறவனா? எனக்கு மரியாதையாக இடம் விட்டவனா? யாரைப் பார்த்தாலும் அவன்தான் என்று தோன்றியது. ஒரு பெரியவர் முழங்காலில் தாளம் போட்டார். ஜெனி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தார். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நல்ல பாட்டாச்சே... யாருப்பா போடச் சொன்னது?"

அவர் குனிந்து, ரகசியமாகச் சிரித்தார்.

"நம்ம பையன் ஒருத்தன்தான்க்கா. தங்கமான பையன். அந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க!"

பக்கத்து சீட் அம்மா சேர்ந்துகொண்டார். "இவங்க ரெண்டு பேருக்கும் எப்பத்தான் செட் ஆவும்னு நாங்களும் பாத்துக்கினே வரோம். சினிமா மாதிரி ஜாலியா இருக்குது!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் யாருடைய கண்ணிலிருந்தும் மறையவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது... அவளைத் தவிர!

எழுந்து நின்றேன். "பாட்ட நிறுத்துங்க! அது என் அக்கா மக. தெனமும் இந்த பஸ்ல செத்து செத்துப் போயிக்கினு இருக்கா. யாரு அவன்? சொல்லுங்க!"

டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஜெனி மெதுவாகத் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். தாளம் போட்ட பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து சீட் அம்மா பைக்குள் எதையோ தேடினார். கண்டக்டர் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

தளவானூருக்கு முந்தின ஸ்டாப்பில் நாலைந்து ஆண்கள் இறங்கினார்கள். அதில் ஒருவனா? இல்லை, இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தானா? எனக்குத் தெரியாது.

அக்காவிடம் அன்றைக்கே பேசினேன். "வேலைக்குப் போவா. பஸ்ல நானும் கூட வருவேன்" என்றேன். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள். மறுநாள் பஸ்ஸில் எந்தப் பாட்டும் இல்லை. ஜெனி என் காதருகில் சொன்னாள்:

"பாட்டு இருந்தப்பவாச்சும் அவன் வந்திருக்கான்னு தெரிஞ்சுது சின்னம்மா. இப்ப அதுவும் தெரியல."

மாய மை எதற்கு? அவனை மறைக்கத்தான் ஒரு பஸ் ஜனம் இருக்கிறதே!