சிவாஜிநகர் வரைக்கும் ஒரு டிக்கெட்

கஜேந்திரன் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அப்பா போன்ல 'மல்லிகா சிவாஜிநகர்'னு ஒரு நம்பர் இருந்துச்சு... நீங்கதானே அக்கா?" என்றாள். நான்தான். மேலே என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

இங்கே பல பேருக்கு அவரைத் தெரியாது. பஸ் கண்டக்டர். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குச் சந்தாபுராவில் வாடகை அறை, பிரேசர் டவுனில் ஒரு கேட்டரிங் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை. சிவாஜிநகர் வரைக்கும் அவர் பஸ்தான். பத்து நிமிஷம் லேட்டானால் மேஸ்திரி வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். திருநங்கைக்கு வேலை கொடுக்க அந்த ஊரில் யார் வரிசையில் நின்றார்கள்?

முதல் நாள் முன்வாசலில் ஏறிவிட்டேன். ஏறியபிறகுதான் உதறல்... லேடீஸ் பக்கம் நிற்கலாமா, பின்னால் போகவா? பின்னால் போனால் கைகள் சும்மா இருக்காது.

லேடீஸ் சீட்டில் ஒருத்தர் ஹாயாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கஜேந்திரன் அண்ணன் அவர் தோளைத் தட்டி எழுந்திருக்கச் சொன்னார். "ஏள்ரீ சார், லேடீஸ் நிக்கிறாங்க."

அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு லேடீஸ்?"

"புடவை கட்டிக்கிட்டு உங்க முன்னாடி நிக்கிறாங்களே, அவங்க. எழுந்திருங்க சார்."

அவ்வளவுதான். உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், வேறென்ன செய்ய.

அந்தக் காலத்தில் எங்களுக்கென்று ஒரு சட்டமும் கிடையாது. இருந்த சட்டமெல்லாம் எங்களைப் பிடிக்கத்தான். பஸ்ஸில் மட்டும் ஒரு ரூல் இருந்தது, முன்சீட் பெண்களுக்கு. அந்த மனுஷன் அதை எனக்கும் நடத்திக் காட்டினார். தினமும்.

ரொம்ப சாது என்று நினைக்க வேண்டாம். வாய்! "ஏம்மா மல்லிகா, பூக்கடையைத் தலையிலேயே வெச்சிட்டியா? டிரைவர் தும்மறாரு, வண்டியும் தும்முது பாரு" என்பார். நானும் விடமாட்டேன். "உங்க தலையில வெக்க முடியாதுன்னு பொறாமைண்ணா" என்பேன். பாவம், வழுக்கை.

ஒரே ஒரு நாள் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

டக்-இன் செய்த ஒருத்தன் என் சீட்டுக்காகத் தகராறு செய்தான். என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அண்ணனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "டிரைவர்! வண்டிய ஸ்டேஷனுக்கு விடுய்யா!"

பிக்பாக்கெட்டோ, பெண்களை இடிக்கிறவனோ, யாராக இருந்தாலும் பஸ்ஸை ஆட்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்கே ஓட்டிப் போய்விடுவார்கள். கண்டக்டர்களின் பெரிய ஆயுதம் அது.

எனக்கு உயிரே போயிற்று. அதற்கு முந்தின மழைக்காலம்தான் பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றுகொண்டிருந்த என்னைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அங்கே நடந்ததை இன்றைக்கும் எழுத எனக்குக் கை வராது.

"அண்ணா வேணாம்ணா... ஸ்டேஷன் மட்டும் வேணாம்ணா..." என்று கத்தினேன். அந்த ஆளைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். "பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல?" என்றார். பஸ் திரும்பிவிட்டது.

நான் பயந்தபடியே நடந்தது. போலீஸ்காரர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவனிடம், "நீங்க போங்க சார்." அண்ணனிடம் என்னைக் காட்டி, "இவன்ன பிட்டு ஹோக்ரி." இவனை விட்டுவிட்டுப் போங்கள்.

அப்போதுதான் அண்ணனுக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். "சிவாஜிநகர் வரைக்கும் டிக்கெட் குடுத்திருக்கேன் சார். பாதியில விட்டுட்டுப் போக முடியாது. இந்தம்மா ஏறாம வண்டி நகராது."

நகரவில்லை. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்த கார்மென்ட்ஸ் கம்பெனிப் பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டினார்கள். "ஏய் பொண்ணே! அங்க என்ன கதை பேசிட்டு நிக்கிற? ஓடி வந்து ஏறு, எங்களுக்கு ஆப்சென்ட் போட்டுடுவான்!" என்று என்னைத்தான் திட்டினார்கள்.

பொண்ணே... என்று.

கேட்டில் கூட்டம் சேர, போலீஸ்காரர் போய்த் தொலையுங்கள் என்று எரிச்சலோடு கையை வீசினார். "ஹோகி, ஹோகி." நான் எப்படி ஓடி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

சிவாஜிநகர் வருகிற வரை அவர் என் பக்கம் வரவில்லை. இறங்கும்போதுதான் சொன்னார். "எனக்கு ஸ்டேஷன்னா தைரியம்மா. உனக்கு என்னன்னு நான் கேக்கவே இல்ல பாரு."

அதற்குப் பிறகு, நான் இருக்கிற வண்டியில் அவர் ஸ்டேஷன் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. எவனாவது வாலாட்டினால் விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, "நீ இறங்குடா" என்பார். அவ்வளவுதான்.

ஸ்டேஷன் போய் லேட்டான அன்றைக்கு மேஸ்திரி வேறு ஆளை உட்கார வைக்கவில்லை. திட்டினார், வெங்காய மூட்டையை என் பக்கம் தள்ளினார். அந்த வேலையில்தான் நான் நிமிர்ந்தேன்.

இன்று மத்தியானம் ஜீவனஹள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல், நாற்காலியில் ஆண்கள். உள்ளே அவரைச் சுற்றிப் பெண்கள். நான் மாலையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வயசுக்கு அப்புறமும் அதே உதறல்.

பந்தலில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க உக்காருங்க." நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்...

உள்ளேயிருந்து அண்ணி பார்த்துவிட்டார். நாங்கள் அதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை. அழுத குரலிலேயே சொன்னார்.

"மல்லிகாதானே? அங்க ஏம்மா நிக்கிற, உள்ள வா. கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா எல்லாரும்... அவளுக்கு இடம் விடுங்க."

தள்ளிக்கொண்டார்கள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

ரைட் அண்ணா... போலாம்.