வெள்ளைக் குடுவைப் படகோட்டி

இதைக் கதை என்று சொன்னால் அர்கிரோ எழுந்து போய்விடுவாள். கிரேக்க நாட்டு எரெத்ரியாவில் அவள் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில், பட்டப்பகலில், மூன்றே நாட்களில் நடந்தது இது.

உடைந்த பழங்காலப் பானைகளை ஒட்டுவது அவள் வேலை. அந்த ஜூலையில் ஒரு வெள்ளைக் குடுவையை ஒட்டி முடித்திருந்தாள். இறந்தவர்களுக்காக எண்ணெய் ஊற்றிக் கல்லறையில் வைக்கும் குடுவை. அதில், இறந்தவர்களை மறுகரைக்கு ஏற்றிச் செல்லும் படகோட்டி. ஒரு கையில் துடுப்பு. மறு கை, கரையில் நிற்கும் யாரையோ ஏறச் சொல்வதுபோல் நீண்டிருந்தது. கரையில் யாரும் இல்லை. வெறும் வெள்ளை.

திங்கள், மதியம் 2.40. ஊரே சாப்பிட்டுத் தூங்கும் நேரம். எங்கோ... டொக். மரத்தில் மரம் இடிக்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். குடுவையின் வெற்றுக் கரையில் ஒரு பாதம்.

குடுவைகளைப் புகைப்படம் எடுக்கும் லாம்ப்ரோஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு உனக்கு. போய்த் தூங்கு" என்று சிரித்தான்.

செவ்வாய், 2.40. டொக். பாவாடை, இடுப்பு, தோளில் குறுக்கே ஒரு பை. லாம்ப்ரோஸ் தன் பழைய படங்களைத் தேடி எடுத்தான். அவற்றில் கரை காலியாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை.

சாயம் கரைக்கும் மருந்து தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். கோடு அழியவில்லை.

புதன், 3.10. முகம் வந்துவிட்டது. சற்றே சாய்ந்த தலை. கண்களைச் சுற்றி இரண்டு வட்டம். மூக்கின் மேல் அவற்றை இணைக்கும் ஒரு கோடு...

மூக்குக்கண்ணாடி.

அவள் தங்கை லெமோனியா. தினமும் மூன்று மணிப் படகில் அக்கரை மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறவள்.

உடனே தொலைபேசியில் அழைத்தாள். நான்கு முறை ஒலித்தபின் தங்கை எடுத்தாள்.

"லெமோனியா, இன்னைக்குப் படகுல ஏறாத."

"ஏறிட்டேன்க்கா. பாதிக் கடல் தாண்டியாச்சு. ஏன்?"

அர்கிரோ அவளை உள்ளே போய் ஆட்களோடு உட்காரச் சொன்னாள்.

"சரி சரி... இருக்கா, யாரோ கை குடுக்குறாங்க. அப்புறம் பேசுறேன்."

அவள் குரலுக்குப் பின்னால்... டொக்.

பிறகு எடுக்கவே இல்லை.

குடுவையில் படகோட்டியின் விரல்கள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

3.30. படகு பத்திரமாகக் கரை சேர்ந்தது. லெமோனியா மேல்தளத்து இருக்கையில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். இதயம் என்றார்கள். அவள் பக்கத்தில் யாரும் வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அக்டோபரில் ஆய்வுக்கூடத்து அறிக்கை வந்தது. அந்தப் பெண்ணின் உருவம் பின்னால் வரைந்தது அல்ல. மூக்குக்கண்ணாடி உட்பட எல்லாக் கோடுகளும், இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முன், குடுவையோடு ஒரே சூளையில் வெந்தவை.