என்னைப் பூட்டி வைத்தவர்

மீன்பிடிக்கப் போன இடத்தில் படகு இயந்திரம் பழுதாகி அக்கரைக்கு இழுபட்டுப் போன என்னை, எல்லை தாண்டினேன் என்று தமிழ்நாட்டுச் சிறையில் சில மாதம் வைத்திருந்தார்கள். அங்கே என்னைப் பூட்டித் திறந்த காவலர், ஓய்வு பெற்றபின் இந்த வருசம் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பார்க்கக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தார். கூட்டிவர நான் வெளிக்கிட, மனைவிக்குக் கோபம்.

"உங்களைப் பூட்டி வைச்ச ஆளுக்கு நண்டுக்கறியோ?"

"ஓம்" என்றேன். அடித்திருந்தால் ஆர் கேட்டிருப்பார்கள்? அவர் அடிக்கவில்லை. வீட்டு ஊறுகாயில் எனக்கும் ஒரு துண்டு வைப்பார். இதற்கு மேல் விளக்க எனக்கு விருப்பமில்லை.

வந்தவர் நண்டை உடைத்து ரசித்துச் சாப்பிட்டார். மனைவியே இரண்டாம் தரமும் கறி வைத்தாள்.

"நீயும் உக்காருப்பா" என்றார் என்னிடம். என் சொந்த வீட்டில் நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

விடைபெற்றுப் போகையில் எங்கள் வாசல் படலையைச் சாத்தி, பழக்கத்தில், கொளுக்கியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். சிறையில் இரவில் அவர் பூட்டை அப்படி ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வரும். அன்றைக்கும், வெயில் இறங்க முன்னமே, கதிரையில் இருந்தபடி நிம்மதியாக நித்திரையாய்ப் போனேன்.