சீட்டுக்கடியில் வைத்த பேட்டரி

பழவேற்காட்டில் இறால் லாரி ஓட்டியவன் நான். சர்க்கரை நோய்க்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். வண்டிச் சூட்டில் மருந்து கெட்டுவிடும். எண்பதுகளில் என் மச்சான் காதர் துபாயிலிருந்து பேட்டரியில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று கொண்டுவந்தார். அதற்காக இன்னொரு பேட்டரியை மரப்பெட்டியில் வைத்து, சீட்டுக்கடியில் காற்றுப் புகாமல் மூடினேன். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு காலை நானும் காதரும் தோணிரேவு படகுத்துறையில் இறால் ஏற்றப் போனபோது ஃப்ரிட்ஜ் ஓடாமல் நின்றிருந்தது. பெட்டியைத் திறந்து, ஒயரைக் கழற்ற பேட்டரி முனையில் ஸ்பேனரை வைத்தேன். பொறி பறந்தது. பேட்டரி குண்டுபோல் வெடித்து, ஆசிட் முகமெல்லாம் தெறித்தது.

காதர் என் முடியைப் பிடித்திழுத்து, இறால் கழுவும் தொட்டியில் தலையை அமுக்கினார். மூச்சு முட்டியது. கொல்லப் பார்க்கிறார் என்றே நினைத்து ஓங்கிக் குத்தினேன். அவர் உதடு கிழிந்தது. பிடியை விடவில்லை.

"இன்னா வேணா அடி மச்சான், கண்ண மட்டும் தொற" என்று கத்திக்கொண்டே மறுபடி மறுபடி அமுக்கினார்.

இடது கன்னம் வெந்துவிட்டது. கண் இரண்டும் பிழைத்தன.

அதன்பின் வாங்கிய புது பேட்டரியைக் கேபினுக்கு வெளியே, காற்றோட்டமான கூண்டில் வைத்தேன். தொடுவதற்கு முன் வண்டியை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். காதர் ஊரில் இல்லாத நாளில் அதன் மேல் கையே வைத்ததில்லை.